சாம்பிராணிப் புகை போன வழி

எங்கள் லாரி ஓடும்போது ஒரு குறையும் சொல்லாது. நிற்கும்போதுதான் அதற்கு உயிர் போகும். குன்றாண்டார்கோவில் பக்கத்துக் கடலை மூட்டைகளைப் புதுக்கோட்டைக்கு ஏற்றிப் போன பழைய சின்ன லாரி அது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கி அணைந்துவிடும். வழியெல்லாம் நின்று நின்று போனதில் வியாபாரிகள் மூட்டை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் பெட்ரோலைச் சந்தேகப்பட்டார், பிளக்கைச் சந்தேகப்பட்டார், கார்புரேட்டரைப் பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவிக் கழுவி மாட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் லாரியை விற்றுவிட்டு மலேயாவில் இருந்த அவர் அண்ணனிடம் போவதென்று முடிவு செய்தார். தீபாவளி கழிந்ததும் கப்பல். தகரப்பெட்டியில் அவர் சட்டை வேட்டிகளை நான்தான் அடுக்கி வைத்தேன். எத்தனை வருஷம் கழித்துத் திரும்புவார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். அந்த லாரிமேல் வந்த கோபம் எனக்குச் சக்களத்திமேல்கூட வந்திருக்காது.

இதற்கு நடுவில் ஆயுதபூஜை வந்தது. ஸ்பானர், சுத்தியல் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் பரப்பினோம்.

"விக்கப்போற வண்டிக்கு என்னங்க பூசை?" என்றேன்.

"இம்புட்டு நாளு சோறு போட்டுச்சுல்ல. நீ சாம்பிராணியக் காட்டு," என்றார்.

பூஜையின்போது எஞ்சின் ஓடவேண்டும் என்பது அவர் வைத்த வழக்கம். மூடியைத் திறந்து, அணைந்துவிடாமல் கையாலேயே பெட்ரோலைக் கூட்டிக்கொண்டு நின்றார். வேறு நாளில் எஞ்சின் பக்கத்தில் பீடிகூடப் பற்றவைக்க விடமாட்டார். அன்று சாமி காரியம், அதனால் வாயைத் திறக்கவில்லை. நான் வேண்டாவெறுப்பாகத் தூபக்காலை நீட்டினேன். விசிறிக் காற்றில் புகை கண்டபடி பறந்தது. கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் மட்டும் ஒரு இழை வளைந்து இடுக்குக்குள் போனது.

"ஏங்க, இங்கிட்டுப் பாருங்க. பொகை உள்ள போகுது."

தூபக்காலைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தார். அந்த இடுக்கில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலைத் தடவிவிட்டு, பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்த கையை எடுத்தார். எஞ்சின் அணையாமல் சீராக ஓடியது. எண்ணெயை உறிஞ்சித் தீர்த்ததும் மறுபடி நடுங்கியது.

"நடுவுல வச்ச பேக்கிங் அட்டை போயிருச்சு. அந்த வழியா வேண்டாத காத்து பூந்து பெட்ரோலோட சேருது. கழுவிக் கழுவி அதே பழைய பேக்கிங்கத்தான போட்டுக்கிட்டிருந்தேன்," என்றார்.

"அப்ப இப்பவே கழட்டுங்க."

"ஸ்பானரு பூசையில இருக்கு. நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் தொடணும்."

புதுப் பேக்கிங்குக்கு அட்டையையாவது வெட்டி வைக்கலாமே என்றேன். கத்தரிக்கோலும் பூஜையில் இருந்தது. அந்த மனிதரோடு அதற்குமேல் பேசிப் பயனில்லை என்று உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் காலை பூஜையை முடித்துவிட்டு, அட்டையை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டபடியே வந்து கைகழுவிவிட்டு இட்லி சாப்பிட உட்கார்ந்தார். லாரி வாசலில் நின்றபடி ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் வீணாகிறதென்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

"அந்தப் பெட்டியில இருக்கறத எடுத்து வெளிய வச்சிரு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"துணியெல்லாம் கொல்லையில காயுது."

"எப்பத் தொவச்ச?"

"நேத்தே எல்லாத்தையும் தண்ணியில முக்கிட்டேன். அதுக்கு ஸ்பானரு வேண்டாம்ல."