தைரியநாதன் வாசிக்காத கல்யாணம்

ரிஷிவந்தியம் பக்கத்தில் பிறந்து ஹாம்பர்க் வரைக்கும் போய் ஊதிவிட்டு வந்தவன் என்றால் அது எங்கள் தைரியநாதன் ஒருத்தன்தான். இதை இல்லையென்று சொல்கிறவன் முதலில் ஒரு சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்று காட்டட்டும். பிறகு பேசலாம்.

படிப்பு ஐந்தாவதோடு சரி. அப்பன் சங்கராபுரம் மாதா கோயில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்தவர். பையனும் அதிலேதான் மூச்சுப் பிடிக்கப் பழகினான். மீசை அரும்புவதற்குள் ஒரு சர்க்கஸ் கம்பெனியோடு பெங்களூர் போனான். அங்கே கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டு சாக்ஸபோனை எடுத்தான். அப்புறம் பம்பாய் ஓட்டல், அப்புறம் கப்பல், கடைசியில் ஹாம்பர்க், கோபன்ஹேகன். எவனும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. தானாக ஏறினான். இன்றைக்குச் சிபாரிசில் மேடை ஏறுகிறவர்களெல்லாம் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அவன் வாசித்தது ஜாஸ். பயந்துவிட வேண்டாம், அதுவும் நம்முடைய ஆலாபனைக்குப் பங்காளிதான். மெட்டு ஒன்று இருக்கும். அதை எல்லாரும் சேர்ந்து வாசித்த பிறகு, ஒவ்வொருத்தனாக எழுந்து மனசில் தோன்றியதை வாசிக்க வேண்டும். ஹாம்பர்க்கில் தன் முறை வந்தபோது தைரியநாதன் கண்ணை மூடிக்கொண்டு கரகரப்ரியா ராகத்தை எடுத்துவிட்டான். டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்த கறுப்பர் குச்சியை மடியில் வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார். அதற்கப்புறம் அந்த ஊரில் தைரியநாதனைக் கேட்கவென்றே ஜனம் வந்தது.

அந்தக் கரகரப்ரியா எங்கிருந்து வந்தது என்றால், சங்கராபுரம் ஏரிக்கரையிலிருந்து வந்தது. நாதஸ்வரக்காரர் மகன் பிச்சைமுத்து இவன் வயசுக்காரன். காலனிப் பையனை வீட்டுக்குள்ளே விட மாட்டார் பிச்சைமுத்துவின் அப்பா. அதனால் மகன் காலையில் அப்பாவிடம் பாடம் கேட்டு, சாயங்காலம் அதை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து இவனுக்குக் கொடுப்பான். இவன் கிளாரினெட்டில் அதைத் திருப்பி வாசிப்பான். தவறு வந்தால் பிச்சைமுத்து மண்ணாங்கட்டியால் அடிப்பான். அப்படி வளர்ந்த சிநேகிதம். கடல் தாண்டிப் போன பிறகும் தைரியநாதன் மறக்கவில்லை. தன் வாசிப்பைக் கேசட்டில் பிடித்து அனுப்புவான், 'இந்த ராகத்தைக் கேட்டுச் சரியா தப்பா என்று சொல்ல எனக்கு நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்' என்று சொல்லி. ஒருதரம் ஊருக்கு வந்தபோது, பம்பாயில் வாங்கிய தன் பழைய சாக்ஸபோனையே அவனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனான்.

எல்லாம் இருந்தும் ஒரு குறை அவன் நெஞ்சில் முள்ளாக இருந்தது. வெள்ளைக்காரன் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேடையில் ஏற்றினான். தன் மண்ணில் ஒருத்தன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வித்வானைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டதில்லை. மேளக்காரர்களுக்குள் அது சட்டம் மாதிரி. தாம்பூலம் வாங்கிவிட்டால் வாங்கினவன் வேறு வேலைக்குப் போகக்கூடாது, கொடுத்தவன் வேறு ஆளை உட்கார வைக்கக்கூடாது.

எண்பத்தேழாம் வருஷம் தைரியநாதன் ஊருக்கு வந்து, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை கிராமத்தில் நர்ஸாக இருந்த தங்கை எஸ்தர் வீட்டில் தங்கியிருந்தான். ஒருநாள் பிச்சைமுத்து பஸ் ஏறி மலைக்கே வந்துவிட்டான்.

"இன்னாடா, சீமைத்துரை மாதிரி ஒக்காந்துகினு கீற? எம்பொண்ணு ஜெயசுதாவுக்குக் கல்யாணம் வச்சிட்டேன். மேடையில நாயனத்துக்குப் பக்கத்துல நீதான் ஒக்காரணும்."

"வாயால கூப்ட்டா வர்றதுக்கு நான் இன்னா பந்தி பரிமாறறவனா? வித்வானைக் கூப்புடற மாதிரி கூப்புடுடா."

"அடடா, திமிரு குறையலையே உனக்கு!" என்று பிச்சைமுத்து சிரித்தான். சிரித்துவிட்டு எழுந்து, எஸ்தரிடம் ஒரு தட்டு வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த வெற்றிலை பாக்கையும் தேங்காயையும் வைத்து இரண்டு கையாலும் நீட்டினான். "எஸ்தரு, நீதாம்மா சாட்சி. அப்புறம் உங்கண்ணன் வரலைன்னா நான் பொறுப்பில்ல."

தைரியநாதன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அடுத்த வாரம் பம்பாயிலிருந்து தந்தி வந்தது, கப்பலில் ஆறு மாச வேலை, உடனே புறப்படு என்று. "தாம்பூலம் வாங்கிட்டேன்" என்று சொல்லித் தந்தியை மடித்துப் பரணில் செருகினான்.

அதுவோ இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் இறங்கியிருந்த காலம். எங்கே பார்த்தாலும் கூட்டம், கோஷம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாலை மறியல் என்று அறிவித்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தாயிற்று என்று சேதி வந்தது. மலைக்கு வரும் பஸ் நின்றுபோனது. எஸ்தரின் புருஷன் ஆல்பர்ட் கள்ளக்குறிச்சியில் வேலை பார்த்தவன், வாரம் தவறாமல் மேலே வருகிறவன், அவனும் வரவில்லை.

"வாணாண்ணே. கீழ அவனவன் தடியோட நிக்கறானாம். பொட்டிய தூக்கிகினு போனா இன்னா ஏதுன்னு கேக்காம அடிப்பான்" என்றாள் எஸ்தர்.

"ரோட்ல போனாத்தானே? மலை மேலயே சேராப்பட்டு போயி அந்தப் பக்கம் எறங்கறேன்."

"அது ஒரு நாள் நடையாச்சே!"

"மெல்ல நடந்தாலும் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேந்துடுவேன். வெத்தலை வாங்கினவன் பஸ் இல்லன்னு வூட்ல ஒக்காந்தான்னு நாளைக்கு எவனும் பேசக்கூடாது."

வழிக்குத் துணையாகச் சடையன் வந்தான். மலைத்தேன் எடுத்துக் கீழே இறக்கி விற்கிற ஆள், மலைப்பாதை அவனுக்கு உள்ளங்கை. சாக்ஸபோன் பெட்டியைத் தைரியநாதன் அவனிடம்கூடக் கொடுக்கவில்லை, தானே தோளில் மாற்றி மாற்றிச் சுமந்தான். சேராப்பட்டில் சடையனின் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சாமைச் சோறு போட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கருவியை எடுத்து, மறுநாளுக்காகக் கரகரப்ரியாவை ஒருதரம் வாசித்துப் பார்த்தான். சடையன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இது இன்னா சாமி, பூசணிப்பூவைப் பித்தளையில செஞ்சி வச்சாப்ல கீது?"

"இந்தப் பூவுக்கு நாளைக்குப் பாரு மரியாதைய."

விடிவதற்கு முன்னே இறங்கத் தொடங்கி, அடிவாரம் தாண்டிக் கரும்புக்காட்டு வழியாக நடந்தார்கள். சங்கராபுரம் இன்னும் ஒரு மைல் இருக்கும்போது காற்றில் குழாய் ஸ்பீக்கர் சத்தம் வந்தது. தைரியநாதன் நின்றான். சாக்ஸபோன். கரகரப்ரியா.

"நேத்து நீ வாசிச்சதுதானே சாமி?" என்றான் சடையன்.

தைரியநாதனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "என் கேசட்டு! நான் வந்துகினு கீறேன்னு பிச்சைமுத்து என் கேசட்டைப் போட்டுக் கொண்டாடறான்டா. பாத்தியா?" என்று எட்டிவைத்து நடந்தான். காந்தாரத்தில் நின்று அசைந்து, திடீரென்று மூச்சை அறுத்து, விக்கல் மாதிரி ஒரு இடைவெளி விட்டுக் கீழே விழுகிற இடம் வந்தது. ஹாம்பர்க் டிரம்ஸ்காரரிடம் கற்றுக்கொண்டது அது, இந்தியாவில் வேறு எவனுக்கும் கிடையாது. அடுத்து அந்தக் கீச்சுச் சத்தமும் வந்தது. அது ராகத்தில் சேர்ந்த சங்கதியே இல்லை. கேசட் பிடித்த அன்றைக்கு சாக்ஸபோனில் ஒரு ஸ்பிரிங் அறுந்து, குரங்குக்குட்டியை மிதித்த மாதிரி ஒரு பிசிறு விழுந்துவிட்டது. அழிக்க வழியில்லாமல் அப்படியே அனுப்பியிருந்தான். அதைக் கேட்டு இப்போது நடந்துகொண்டே சிரித்தான்.

மறுபடியும் கீச்சென்றது. அதே பிசிறு, இன்னும் கொஞ்சம் நீட்டி, குழைத்து.

தைரியநாதனின் சிரிப்பு நின்றது. கேசட்டுக்கு இரண்டாம் தடவை கீச்சத் தெரியாது. அறுந்த ஸ்பிரிங்கின் பிசிறைப் பெரிய வித்வத் சங்கதி என்று நினைத்து எவனோ உயிருள்ள ஒருத்தன் பாடம் பண்ணி வாசித்துக்கொண்டிருக்கிறான்.

பந்தல் வாசலில் பெட்டியைச் சடையனிடம் கொடுத்துவிட்டு, கால்கூடக் கழுவாமல் எட்டிப் பார்த்தான். மேடையில் மாப்பிள்ளையின் அண்ணன் இளவரசன், ஜரிகை வேட்டியும் விபூதியுமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது, பிச்சைமுத்துவுக்குத் தைரியநாதன் பரிசாகக் கொடுத்த பம்பாய் சாக்ஸபோன். முன்வரிசையில் பெரிய பண்ணைக்காரர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கீச்சு விழும்போது ஒருத்தர் "பலே!" என்றுகூடச் சொன்னார்.

பிச்சைமுத்து பார்த்துவிட்டான். பேய் அறைந்த முகத்தோடு ஓடி வந்து, கையைப் பிடித்துச் சமையல் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

"நீ எப்படிடா வந்த?"

"கால்ல."

"மறியலு, கல்யாணம் தள்ளிப்போச்சுன்னு ஆல்பர்ட்டுகிட்ட சொல்லி அனுப்பினேனே! சொல்லலையா?"

"அவனுக்கு மலையேற பஸ் ஏது? மறியலாச்சே." தைரியநாதன் பந்தலைக் காட்டினான். தவில் முழங்கிக்கொண்டிருந்தது. "தள்ளிப்போன கல்யாணம் இதுதானா?"

பிச்சைமுத்து தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். "சம்பந்தி வூட்ல ஒத்துக்கலடா. ஊரு கெடக்கற கெடப்பு உனக்கே தெரியும். காலனி ஆளை மேடையில ஒக்கார வச்சா, பண்ணைக்காரங்க அப்படியே எழுந்து போய்டுவாங்க. அப்புறம் எனக்கு எவன் மேளம் சொல்லுவான்? அவங்க வூட்டு விசேஷத்துலதானே என் அடுப்பு எரியுது?"

"என் கருவி மட்டும் மேடை ஏறலாமா? என் வாசிப்பு ஏறலாமா? அதுக்கெல்லாம் காலனி கெடையாதா?"

பிச்சைமுத்து தலைப்பாகையை மறுபடி சுற்றத் தொடங்கினான்.

"இதையே மலைக்கு வந்து என் மூஞ்சியப் பாத்து சொல்லியிருந்தா, அந்த இளவரசன் பையனை நானே ஒக்கார வச்சி ஒழுங்கா சொல்லிக்குடுத்திருப்பேன்டா. வாணான்னு சொல்ல உனக்கு வாய் வரல. பொய் சொல்ல மட்டும் வந்துது."

அந்த நேரத்தில் கல்யாணப்பெண்ணை அலங்கரித்து அந்தப் பக்கமாக அழைத்துவந்தார்கள். ஜெயசுதா தைரியநாதனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். சின்னப் பிள்ளையிலிருந்து அவனைப் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள்.

"பெரியப்பா! நீங்க கப்பல் ஏறிட்டீங்கன்னு அப்பா சொன்னாரு. என் கல்யாணத்தைவிட உங்களுக்குக் கப்பல் பெருசாப் போச்சான்னு நான் ரெண்டு நாளா சோறு திங்கல."

கூடவே வந்த அவள் அம்மா ராணியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வெளிநாட்டு ருசி கண்டவருக்கு நம்ம வூட்டு வெத்தலை எங்கடி இனிக்கும்? தாம்பூலம் வாங்கிகினு ஏமாத்தினவரை நிக்க வச்சி இன்னா பேச்சு, நடடி."

தைரியநாதனுக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. இவனுக்கு ஒரு பொய், வீட்டாருக்கு வேறொரு பொய். வெற்றிலை கொடுத்து ஏய்த்தவன் பிச்சைமுத்து, வாங்கி ஏய்த்தவன் என்ற பேர் இவனுக்கு. வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும். பெண் மணமேடைக்கு அழுதுகொண்டு போவாள், அப்பன் மானம் பந்தலில் பறக்கும். பிச்சைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஏரிக்கரையில் மண்ணாங்கட்டியால் அடித்த கை, இப்போது வேட்டி முனையைத் திருகிக்கொண்டிருந்தது.

"கப்பல் புறப்பட இன்னும் நாள் கீதும்மா" என்றான் தைரியநாதன். "அதான் உன்னைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வாசிங்க பெரியப்பா. ஒரே ஒரு பாட்டு."

பிச்சைமுத்து தலைதூக்கிப் பார்த்தான். வேண்டாம் என்று கண் கெஞ்சியது. பந்தல் வாசலில் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சடையன் நின்றிருந்தான். அதை அவளும் பார்த்துவிடப் போகிறாளே என்று தைரியநாதன் குறுக்கே நின்று மறைத்துக்கொண்டான்.

"சாமானெல்லாம் பம்பாய்க்கு முன்னாடியே அனுப்பிச்சிட்டேம்மா. நல்லா இரு."

அவள் காலில் விழுந்தாள். ஆசீர்வாதம் பண்ணிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தான். "சாப்ட்டுப் போடா" என்று பின்னால் ஒரு குரல் மெதுவாக வந்தது. அவன் நிற்கவில்லை.

"மரியாதைய பாருன்னியே சாமி, ஊதவே இல்லையே நீ?" என்று கரும்புக்காட்டில் சடையன் கேட்டான். தைரியநாதன் பெட்டியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தாலும் அதை வெளியே சொல்கிற ஆள் அவன் இல்லை.

அன்றிலிருந்து சங்கராபுரத்தில் அவனுக்குத் தலைக்கனம் பிடித்தவன் என்று பேர். வெளிநாட்டுக் காசுக்காகச் சிநேகிதன் தாம்பூலத்தை மிதித்தவன் என்று டீக்கடையில் பேசினார்கள். உலகம் சுற்றி வந்த அவ்வளவு பெரிய கலைஞன், ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பெண் புகுந்த வீட்டில் தலைகுனிய வேண்டியிருக்கும். இளவரசனுக்கோ கல்யாண சீசனில் நிற்க நேரமில்லை. அந்தக் கீச்சுச் சத்தத்தை எல்லாப் பந்தலிலும் வாசித்துக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

மறியல் ஓய்ந்து பஸ் ஓடத் தொடங்கிச் சில நாள் கழித்து ஆல்பர்ட் மலைக்கு வந்தான். செருப்பைக் கழற்றும்போதே சேதியை ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான், பிச்சைமுத்து அண்ணன் பஸ் ஸ்டாண்டுல புடிச்சிக்கினாரு. சாக்ஸபோன்ல வாய் வைக்கற எடத்துல ஒரு ரீட்டு இருக்குமாமே, அது தேஞ்சிப் போச்சாம். வெளிநாட்டு ரீட்டு நாலு குடுத்தனுப்பச் சொன்னாரு. புதுக் கேசட்டு இருந்தா அதுவும் வேணுமாம்."

"வேற இன்னா சொன்னான்?"

"வேற ஒண்ணும் சொல்லல."

தைரியநாதன் பெட்டியைத் திறந்து ரீட்டுகளைப் பார்த்துவிட்டு மூடினான். எஸ்தர் வாசலில் முறத்தோடு நின்று அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"நான் கப்பல் ஏறிட்டேன்னு போய் சொல்லு" என்றான்.

"இங்கதானே மச்சான் கீற நீ?"

"அவன் சொன்ன பொய்தான், அவனே நம்பட்டும்."

ஆல்பர்ட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை இறங்கிப் போய் அப்படியே சொன்னான்.