சகலை கைக்குப் போன ஜெர்மன் கார்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்குத் தறியில் உட்கார்ந்தவன், இன்று பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தக் கட்டடத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிறேன். என் கடைச் சேலையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்த பெண்களை வரிசையாக நிற்க வைத்தால் அந்த வரிசை திருப்புட்குழி வரைக்கும் போகும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. என் உழைப்பை நான் சொல்லாமல் எதிர்க்கடைக்காரனா சொல்லப்போகிறான்?

ஆசைப்பட்ட எதையும் நான் வாங்காமல் விட்டதில்லை. பக்கத்துக் கடை வேண்டுமென்று நினைத்தேன், வாங்கினேன். தென்னந்தோப்பு வேண்டுமென்று நினைத்தேன், கிணற்றோடு வாங்கினேன். ஆசையும் இருந்து, பணமும் இருந்து, கைநழுவிப் போனது ஒரே ஒரு பொருள்தான். மேல்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய பழைய ஜெர்மன் கார் அது. போனதுதான் போனது, வேறு யார் கைக்காவது போயிருந்தால் மறந்திருப்பேன். என் சகலை கைக்குப் போனது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். அவரும் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அவருடைய அப்பா அவரைத் தறிப்பக்கம் விடாமல் படிக்க வைத்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்று, சின்ன காஞ்சிபுரத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். வயதில் எனக்கு இளையவர். ஆனாலும் படித்தவர் என்று ஆரம்பத்தில் வாயில் வந்த ‘வாங்க, போங்க’ அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றுவரை மாற்ற முடியவில்லை.

எங்கள் மாமனாருக்கு நான்தான் புது வீடு கட்டிக் கொடுத்தேன். அஸ்திவாரத்திலிருந்து மொட்டை மாடி வரைக்கும் என் பணம். கிரகப்பிரவேசத்துக்குச் சகலை ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். மாமனார் வந்தவர்களையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், “சின்ன மாப்பிள்ள வாங்கியாந்தது, மணிக்கு மணி பாட்டுப் பாடுது” என்று அந்தக் கடிகாரத்தைக் காட்டினார். கடிகாரம் மாட்டியிருந்த சுவர் யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள்.

“தங்கச்சி போன் பண்ணா. அவரு மெட்ராசுல ஏதோ பழைய காரு பாக்கப் போறாராம், ஞாயித்துக்கெழம.”

“பழைய காரா? பென்ஷன் பத்தலியா மேனேஜருக்கு?”

“பழசுன்னா அந்தப் பழசு இல்லியாம். ஜெர்மன் காராம். மேல கூர தொறக்குமாம். ஒரு கீறல் இல்லாம வெச்சிக்கினு இருக்காங்களாம். இந்தா, போட்டோ அனுப்பியிருக்கா, பாருங்க.”

பார்த்தேன். சோறு இறங்கவில்லை. எந்தத் தெரு, எந்த வீடு, என்ன விலை என்பதும் போட்டோவுக்குக் கீழேயே இருந்தது. அந்த எழுத்தைப் படிக்கிற அளவுக்குப் படிப்பு எனக்கு இருக்கிறது. சனிக்கிழமை காலையிலேயே மெட்ராசுக்குக் கிளம்பிவிட்டேன். மனைவியிடம் மொத்த வியாபாரி ஒருத்தரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். முந்திக்கொள்வதும் வியாபாரம்தானே.

அடையாறு பக்கம் மரங்கள் அடர்ந்த ஒரு பழைய பங்களா. கணவரை இழந்த ஒரு அம்மா தனியாக இருந்தார். வெள்ளை முடி, கஞ்சி போட்ட பருத்திச் சேலை. காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், காரின் மேல் போட்டிருந்த துணியை இரண்டு கையாலும் மெல்லச் சுருட்டிக்கொண்டே வந்தார். நெய்து முடித்த சேலையை முதல்முறையாக விரிக்கிற மாதிரி இருந்தது.

என்ன சொல்ல! நல்ல மயில் கழுத்து நிறம். நிழலில் நீலம், வெயில் பட்ட இடத்தில் பச்சை. ஓரமெல்லாம் வெள்ளிச் சரிகை ஓட்டின மாதிரி பளபளவென்று தகடு. உள்ளே அரக்கு நிறத்தில் தோல் இருக்கை, ஒரு சுருக்கம் கிடையாது. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. தூதரகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது அந்த அம்மாவின் கணவர் வாங்கினாராம். மனுஷன் தினமும் காலையில் தன் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைப்பாராம். அவர் போன பிறகும் அந்த அம்மா தினமும் ஒருமுறை எஞ்சினை ஓட விட்டு நிறுத்துகிறாராம். சாவியைத் திருகிக் காட்டினார். ஒரே திருகில் தறி மிதித்த மாதிரி சீராக ஓடியது.

அந்த நிமிஷமே அது என் கார் என்று முடிவு செய்துவிட்டேன்.

முடிவு செய்துவிட்டால் எங்கள் தொழிலில் அடுத்து என்ன செய்வோம்? குறை சொல்வோம். நெசவாளி ஒரு சேலையைக் கொண்டுவந்து விரித்தால், நல்லா இருக்குது என்று எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். முந்தானையை இழுத்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார். ‘இன்னாபா, கரை தூங்குது? சரிகை கறுத்திருக்குது?’ என்பார். நெசவாளிக்குக் கோபம் வராது. குறை சொல்லச் சொல்ல அவனுக்கு நம்பிக்கை பிறக்கும், முதலாளி எடுக்கப்போகிறார் என்று. ஒன்றுமே சொல்லாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் அவன் பயப்படுவான். அப்படியே பேசி, ‘வேணாம்பா’ என்று எழுந்து வாசல்வரை போவோம். படி இறங்குவதற்குள் கூப்பிடுவான். திரும்பி வந்து முடிப்போம். நான் வாங்கிய ஒவ்வொரு சரக்கையும் இப்படித்தான் வாங்கினேன். தோப்பை வாங்கியதும் இப்படித்தான்.

“இன்னாமா, ஸ்டியரிங் அந்தாண்ட இருக்குது? எங்க ஊரு சந்துல இத வெச்சிக்கினு எப்பிடி ஓட்டறது?” என்று ஆரம்பித்தேன்.

அந்த அம்மா ஸ்டியரிங்கைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தார்.

“தோலு வெளுத்துப் போயிருக்குதே. கூரத் துணி இத்துப் போயிருக்கும்போல. ஒரு மழைக்குத் தாங்குமா? இத்தினி வருசமா ஓடாம நின்னதுமா. ஓடாத வண்டியும் நெய்யாத தறியும் ஒண்ணு. இரும்புக்கடக்காரன்கிட்ட போட்டாக்கூட யோசிப்பான்.”

சொல்லிக்கொண்டே கையால் அந்தத் தோலைத் தடவினேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. கையை எடுக்க மனமில்லை.

அந்த அம்மா துணியைத் திரும்ப இழுத்து மூட ஆரம்பித்தார். “இவ்வளவு குறையிருக்கிற வண்டி உங்களுக்கு எதுக்குங்க? நீங்க நல்லதா ஒண்ணு பாத்துக்குங்க” என்றார்.

சரி, பேரம் நன்றாகப் போகிறது என்று நினைத்தேன். “வேணாம்மா, நான் வரேன்” என்று நடந்தேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். துளசி மாடத்தைத் தாண்டினேன். கேட் அருகில் நின்று செருப்பைச் சரி செய்கிற மாதிரி குனிந்தேன். கூப்பிடவில்லை. வெளியே வந்ததும் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் போய் மணியை அடித்திருக்கலாம், இல்லையா? அடிக்க முடியாது. வேண்டாம் என்று சொன்ன சரக்கை நாமே திரும்பிப் போய்க் கேட்டால் சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டும். நான் அப்படி எதையுமே வாங்கியதில்லை. ஒரு வாரம் ஊறட்டும், அந்த அம்மாவே இறங்கி வருவார் என்று ஊருக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அந்தக் கார் காஞ்சிபுரத்துக்குள் நுழைந்துவிட்டது.

என்ன நடந்தது என்பதை மனைவி மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். சகலை போனாராம். ஷெட் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாராம். “உங்க வீட்டுக்காரரு கை பட்டது அப்படியே இருக்குதும்மா” என்றாராம். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டிருந்த விலையில் தானாகவே குறைத்துக்கொண்டாராம். குறை சொன்ன எனக்கு ஒரு பைசா இறங்கவில்லை. ஒரு குறையும் சொல்லாத மனுஷருக்கு இறங்கியிருக்கிறது. இது எந்த ஊர் வியாபாரம்?

அதற்குப் பிறகு என் கடைக்கு வந்த கஷ்டத்தைக் கேளுங்கள். சகலை சாயங்காலமானால் கூரையை மடித்துவிட்டு என் கடைத் தெரு வழியாக வருவார். முகூர்த்தப் பட்டெடுக்க வந்த கூட்டம் விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடும். என்னிடம் சம்பளம் வாங்குகிற பையன்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கைப்பேசியில் படம் எடுப்பார்கள். சகலை வண்டியை நிறுத்திச் சிரிப்பார்.

“இன்னா சகல, ஏறுங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

“முதுகு புடிச்சிருக்குது சகல. நீங்க போங்க.”

அந்தத் தெருவில் எத்தனையோ வருஷமாக எல்லோரும் என்னைத்தான் பார்த்து வணக்கம் வைப்பார்கள். இப்போது அவருக்கு வைத்துவிட்டு, மீதி இருந்தால் எனக்கு வைத்தார்கள்.

ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. முந்தின நாள் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பட்டுக்கடைக்காரர் வந்தார் என்று அந்த அம்மா அவரிடம் சொல்லியிருப்பாரா, மாட்டாரா? சகலை வாயைத் திறக்கவில்லை. கேலி செய்திருந்தாலும் பரவாயில்லை.

பிறகு என் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆரணியில் சம்பந்தம். எங்களவர் கல்யாணத்தில் முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு நடக்கும். பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளைக்குப் புது உடுப்புக் கொடுத்து, திறந்த காரில் உட்கார வைத்து, மேளதாளத்தோடு மண்டபத்துக்குக் கூட்டி வருவோம். கார் பெண் வீட்டார் பொறுப்பு. சம்பந்தி வந்து உட்கார்ந்ததுமே கேட்டார்.

“அந்த ஜெர்மன் ஓப்பன் காரு உங்க சகலயோடதாமே? அதுலயே அழச்சிக்கினு வந்துடுங்களேன்.”

“சம்பந்தி, நான் ரெட்டக் குதிர சாரட்டே வெக்கறேன். வெள்ளக் குதிர.”

“குதிரதான் எல்லாரும் வெக்கறாங்களே.”

நான் பதில் யோசிப்பதற்குள் என் மனைவி உள்ளே போய்த் தங்கைக்குப் போன் போட்டுவிட்டாள். “அதுக்கு இன்னாக்கா கேக்கற, அவரே ஓட்டிக்கினு வருவாராம்” என்று தங்கை சொன்னது கூடம் வரைக்கும் கேட்டது.

அன்றைக்குத் தெருவே நிரம்பி நின்றது. பேண்டு செட்டு என் செலவு. வாணவேடிக்கை என் செலவு. மாப்பிள்ளை உடுப்பிலிருந்து மாலை வரைக்கும் என் செலவு. நான் பெண் வீட்டுப் பெரியவனாகக் காருக்கு முன்னால் வியர்க்க வியர்க்க நடந்தேன். சகலை பட்டு வேட்டியில் (அதுவும் என் கடை வேட்டி) ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மகாராஜா மாதிரி வந்தார். மாடியிலிருந்த பெண்கள் மாப்பிள்ளையைவிடக் காரைத்தான் பார்த்தார்கள்.

மண்டபத்தில் மாப்பிள்ளையை ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிப்போனார்கள். சகலை மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

“சகல, கொஞ்சம் கையக் குடுங்க. சீட்டு தாழ்வா இருக்குது. முட்டி மடங்கிக்கினா எழுந்துக்க முடியல.”

தோளைக் கொடுத்துத் தூக்கினேன். கனமான மனுஷர். நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “டாக்டரு இத ஓட்டவே கூடாதுன்றாரு. ரெண்டு முட்டியும் போயிடுச்சி. இன்னிக்கி உங்க பேத்திக்காகத்தான் எடுத்தேன். நீங்க எடுத்துக்குங்களேன் சகல. நான் குடுத்தத குடுங்க, போதும்.”

என் கை தானாகப் போய் அந்தத் தோல் இருக்கையைத் தடவியது. ஆனால் பழக்கம் விடவில்லை. “எனக்கு எதுக்கு இந்தப் பழைய வண்டி? ஸ்டியரிங் வேற அந்தாண்ட இருக்குது…” என்று இழுத்தேன்.

சகலை சிரித்தார். “இதையேதான் அந்தம்மாகிட்டயும் சொன்னீங்களாம். தோலு வெளுத்துப் போச்சி, துணி இத்துப் போச்சி, இரும்புக்கடன்னு. எங்க அப்பாவும் தறிக்காரர்தானே சகல. உங்க வாயில இத்தினி குறை வந்திருக்குதுன்னா, வண்டி அப்பேர்ப்பட்ட வண்டின்னு தெரிஞ்சிக்கினேன். எனக்கு காரப் பத்தி இன்னா தெரியும்? பாத்துட்டு வந்துடலாம்னுதான் போனேன். நீங்க சொன்னதக் கேட்டப்புறம்தான் அங்கியே பணத்தக் கட்டினேன்.”

நான் போய்க் குறை சொல்லாமல் இருந்திருந்தால் அவர் வாங்கியே இருக்கமாட்டார். என் அனுபவத்தை, என் கண்ணை, காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

அவர் கொடுத்த அதே விலைக்கு வாங்கினேன். மேலே லாபம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன், கேட்கவில்லை. அவர் ஒரு ரூபாய் கூட்டி வாங்கியிருந்தால்கூட, ‘பாருங்கள் மேனேஜர் புத்தியை’ என்று நாலு பேரிடம் சொல்லி ஆறியிருப்பேன். அந்த வாய்ப்பையும் எனக்குக் கொடுக்கவில்லை.

இப்போது கார் என் ஷெட்டில் நிற்கிறது. காகிதத்தில் என் பெயர். பூசணிக்காய் சுற்றி உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கோயிலுக்கும் போய் வந்துவிட்டேன். கோயில் வாசலில் மாலை கட்டுகிற அம்மா கேட்டாள்: “மேனேஜரு வண்டியாச்சே! இரவல் வாங்கியாந்தீங்களா மொதலாளி?”

என் டிரைவர் சாவியைத் திருகினால் கார் இருமுகிறது, நிற்கிறது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலை ஆட்டோ பிடித்து வருகிறார். ஓட்டத்தானே கூடாது, துடைக்கலாமாம். பழைய வேட்டித் துணியால் துடைக்கிறார். ஒரே திருகில் ஓட வைக்கிறார். அக்கம்பக்கத்துக்காரர்கள் அவரைச் சுற்றி நின்று சந்தேகம் கேட்கிறார்கள். என் வீட்டுக் காபிதான் எல்லோருக்கும் போகிறது.

போன சனிக்கிழமை மனைவியிடம் சொன்னேன்: “நாளைக்கி வீட்டப் பூட்டிக்கினு திருத்தணி போயிட்டு வந்துடலாம். காலங்காத்தாலயே கெளம்பு.”

“நல்லதாப் போச்சி. அந்தக் காருலயே போலாங்க. டிரைவரு ஓட்டட்டும், உங்க சகல பக்கத்துல குந்திக்கினு வழி சொல்லுவாரு. இருங்க, தங்கச்சிக்குப் போன் போடறேன்” என்றாள்.