கேட்க முடியாதது

ரெம்பியா ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தமிழ்நாட்டிலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர்கள் கட்டிய அந்தோணியார் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே மின்விசிறி மாட்டப்போன அன்றுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கோயிலைத் திறந்து கூட்டுபவர். ஒடிசலான உடம்பு, தலையில் வெள்ளை முக்காடு, முழங்கால் வலியில் சாய்ந்து சாய்ந்து நடப்பார்.

ஐசி என்கிற அடையாள அட்டை, சாவி என்று யார் எதைத் தொலைத்தாலும் அவருக்குத்தான் போன் செய்வார்கள். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் புனிதர் அந்தோணியார். இந்த அம்மா அந்த வலியோடேயே முழந்தாளிட்டு அவர்களுக்காக வேண்டுவார்.

அவருடைய ஒரே மகன் சிங்கப்பூர் போனவன், பல வருடமாகப் பேசுவதில்லை என்று தோட்டத்தில் சொன்னார்கள். நான் ஏணியில் நின்றபடி கேட்டுவிட்டேன்.

"ஆண்ட்டி, உங்க மகனுக்காகவும் அந்தோணியார்கிட்ட கேக்கலாம்லா?"

"அவன் தொலையலயே தம்பி. வீடு தெரியும், போனேன். ஜன்னல் வழியா என்னைப் பாத்தான். கதவ தொறக்கல லா. தொலைஞ்சததானே இவருகிட்ட கேக்க முடியும்?"

சொல்லிவிட்டுப் பீடத்தைத் துடைக்கப் போய்விட்டார். ஊரார் எல்லோருக்காகவும் கேட்கத் தெரிந்தவருக்குத் தனக்காகக் கேட்க ஒரு வார்த்தை இல்லை.