கட் பண்ணிட்டு நாம கூப்பிடுவோம்

வெளிநாட்டுக்கு மலிவாகப் பேசலாம் என்று விளம்பரம் செய்கிறவர்களை வரிசையாக நிறுத்தி, ஒரு நாள் முழுக்க வெயிலில் முட்டி போட வைக்க வேண்டும். பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் நான். எனக்கே அவர்கள் கணக்கு பிடிபடவில்லை.

தம்பி வளைகுடாவில் வேலை பார்க்கிறான். இணையத்தில் செய்தி அனுப்பலாம், படம் அனுப்பலாம். பேச மட்டும் அந்த ஊர்ச் சட்டம் விடாது. அதனால் அவன் போனுக்குச் சல்லிசாகப் பேச ஆளுக்கொரு ஆப் சொல்வார்கள். ஒன்றில் நிமிடத்துக்குக் குறைவு, ஆனால் அவன் ஹலோ சொன்னதுமே இணைப்புக் கட்டணம் என்று ஒரு கடி. இன்னொன்றில் நிமிடம் தாண்டி ஒரு நொடி பேசினாலும் முழு நிமிடக் காசு. வேறொன்றில் மீதிப் பணத்தை மாதம் முடிவதற்குள் பேசித் தீர்க்காவிட்டால் போயே போச்சு. எது லாபம் என்று நான் போட்டுப் பார்த்து முடிப்பதற்குள் கட்டணத்தையே மாற்றிவிடுவார்கள், நாசமாய்ப் போக.

இதற்கு மேல் எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம் ஒன்று உண்டு. தம்பி அங்கிருந்து கூப்பிட்டால் அவனுக்கு நிறையக் காசு ஆகும். ஆகவே அவன் நம்பரைப் பார்த்ததும் எடுக்கக் கூடாது. கட் பண்ணிவிட்டு, நான் ஆப்பிலிருந்து கூப்பிட வேண்டும்.

அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று முடிவானபோது தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. "உள்ள போறதுக்கு முன்னால அவங்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா போதும்ட்டி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறு எதுவும் கேட்கவில்லை. பயந்துபோயிருந்தாள். நானும்தான். முந்தின நாளே ஆப்பில் தாராளமாகப் பணம் போட்டு வைத்தேன்.

காலையில் ஆஸ்பத்திரியில் ஆப்பைத் திறந்தால், 'உங்கள் பணம் சரிபார்க்கப்படுகிறது' என்கிறது. என்னத்தைச் சரிபார்க்கிறான்? எடுக்கும்போது மட்டும் கண் மூடித் திறப்பதற்குள் எடுத்துக்கொண்டானே! என் போனிலிருந்து நேராக வெளிநாட்டுக்குக் கூப்பிட வசதி இல்லை. தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்: 'காசைப் பார்க்காதே. அம்மா போனுக்கு நீயே கூப்பிடு.'

உடனே கூப்பிட்டான். அம்மா கையிலிருந்த பட்டன் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கட் பண்ணினாள்.

"தம்பி கூப்பிடுதான். நீ போடுட்டி."

"எம்மா! எடுத்துப் பேச வேண்டியதானே? எனக்குப் போக மாட்டேங்கு."

"அவனுக்குக் காசு ஆவும்லா."

மறுபடி அடித்தது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் மறுபடி கட். பழகின விரல், என்ன செய்ய? தலையில் அடித்துக்கொண்டேன். அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அம்மாவைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். போன் திரும்ப அடிக்கவும், அதைப் பிடுங்கி, பச்சைப் பொத்தானை நானே அழுத்தி அம்மா காதில் வைத்தேன்.

"எம்மா" என்று அவன் சொன்னது எனக்கே கேட்டது.

"ஏம்ல நீ கூப்பிடுத? வை. அக்கா இப்ப கூப்பிடுவா."

கட் பண்ணி, போனை என்னிடம் நீட்டினாள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சீக்கிரம் போடு, போடு என்று எனக்குக் கையைக் காட்டிக்கொண்டே போனாள். கதவைச் சாத்திவிட்டார்கள்.

போன் அடித்தது. எடுத்தேன்.

"எக்கா, அம்மாட்ட குடு. சீக்கிரம், கட் பண்ணிறப் போறாவ."

"உள்ள கொண்டு போயிட்டாவலே."

அவன் அழுகிற சத்தம் கேட்டது. வை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.