ஆட்டுக் கொட்டகையில் வேப்பிலை

எங்கள் தோட்டத்தில் கோழிக்கு அம்மை வந்தால் அது நோய். மனிதருக்கு வந்தால் மாரியாத்தா வந்ததாகக் கணக்கு. ஆட்டுக்கு வந்தால் என்ன என்று மட்டும் பெரியவர்கள் சொல்லி வைக்கவில்லை. அந்தக் குறையை என் அம்மா தீர்த்து வைத்தாள்.

புக்கிட் ரோத்தான் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்குப் பின்னால் அம்மா ஆடு வளர்த்தாள். முனியாண்டி பூசை நெருங்கிய நேரத்தில் இரண்டு ஆடுகளுக்கு உதட்டிலும் மடியிலும் கொப்புளம் கிளம்பியது. அம்மா கோலா சிலாங்கூருக்குப் போய் மலாய்க்கார மாட்டு டாக்டரம்மாவை அழைத்து வந்தாள். ஆட்டம்மை, வேகமாகப் பரவும், கொட்டகைக்குள் யாரும் போகக் கூடாது, ஒரு ஆடும் வெளியே வரக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்.

சித்தப்பா பூசைக்கு எங்கள் கிடா ஒன்றைத் தருவதாக லயம் முழுக்கப் பெருமையடித்திருந்தார். கோயிலில் எல்லா வீட்டு ஆடுகளையும் ஒன்றாகத்தான் கட்டுவார்கள். அங்கே நோய் எல்லா ஆட்டுக்கும் பரவிவிடும் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

“நல்லாருக்குற கெடாவத்தானே கேக்குறேன், அண்ணி. அதெல்லாம் ஒன்னும் ஆவாது லா. காலையில வந்து ஓட்டிக்கிறேன்,” என்றார் அவர்.

மறுநாள் அவர் கயிற்றோடு வந்தபோது கொட்டகைக் கதவில் வேப்பிலை தொங்கியது. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

“ஆத்தா வந்திருக்கா. உள்ள போறதுன்னா போங்க,” என்றாள் அம்மா.

சித்தப்பா செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தாளிப்பு இல்லை, கறி இல்லை. நான் பயபக்தியோடு காவல் இருந்தேன். கொட்டகைப் பக்கம் உருண்ட பந்தை எடுக்க வந்த அண்ணனைக்கூட விரட்டிவிட்டேன். பெரிய கிடாவும் குட்டிகளும் செத்தன. அம்மா தானே குழி தோண்டி, அழுதுகொண்டே புதைத்தாள். வேப்பிலை வாடினால் உடனே புதுக் கொத்து கட்டினாள். லயத்தில் வேறு எந்த வீட்டு ஆட்டுக்கும் கொப்புளம் வரவில்லை.

டாக்டரம்மா திரும்ப வந்து வேப்பிலையைப் பார்த்தார். அம்மா மலாயில் ஏதோ சொன்னதும் வாய்விட்டுச் சிரித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பாகுஸ், காக்,” என்றார். நல்லது அக்கா என்று அர்த்தம். அடுத்த தோட்டத்திலும் இதே நோயாம். அங்கே இந்த இலை கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு போனார்.

டாக்டரம்மாவே மாரியாத்தாவைக் கும்பிட ஆரம்பித்துவிட்டார் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். ஆத்தாதான் லயத்து ஆடுகளைக் காப்பாற்றினாள் என்றும் சொன்னேன். குட்டிகளைப் புதைத்துவிட்டு, கையைக் கழுவி, நேராக வேப்பிலை ஒடிக்கப் போனவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.