லாசர் பேருல ஒரு பாஸ்காச் சீட்டு

ஓய், நீரு உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேதான் கேக்கப் போறீரு, எனக்குத் தெரியும். சிரியும். நானும் இப்படிக் கதை சொல்லுதவன் முகத்துக்கு நேரே சிரிச்சவன்தான். திருவனந்தபுரத்துல எங்க தமிழாளுகளுக்க கோயில்ல இருபது வருஷத்துக்கு மேல, சாமியாருக்குக் கைத்துணையா கோயில் காரியம் பாக்குத உபதேசியாரா இருந்தவன் நான், மாதா படத்துல கண்ணீர் வடியுதுன்னு நாலு பேரு ஓடி வந்தா, மேல ஓடு உடைஞ்சிருக்கான்னு ஏணி வச்சு ஏறிப் பாக்குத ஆளாக்கும். பேயின்னு சொன்னாலும் நம்ப மாட்டேன், புதுமை, அற்புதம்னு சொன்னாலும் நம்ப மாட்டேன். சூசை உபதேசியாருக்குச் சொந்த நிழலு மேலயும் சந்தேகம்னு ஊருல கேலி பேசுவானுக.

இது திருவிதாங்கூரும் கொச்சியும் சேந்து திரு-கொச்சியா இருந்த காலத்துல நடந்தது. அப்ப ஒரு வழக்கம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்புக் காலத்துல எல்லாரும் சாமியாருகிட்ட பாவசங்கீர்த்தனம் செஞ்சு பூசையில நன்மை அப்பம் வாங்கியே ஆகணும், பாஸ்காக் கடன்னு சொல்லுவோம். பாவம் சொல்லி முடிச்சவனுக்குச் சாமியார் கோயில் முத்திரை குத்தின சின்னச் சீட்டு ஒண்ணு கொடுப்பாரு. அவன் வெளிய வந்து எனக்க கிட்ட நீட்டுவான், நான் அதுல அவன் பேரை எழுதிக் கொடுப்பேன். நன்மை வாங்க வரும்போது அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கித் தகர டப்பாவுல போட்டுப் பூட்டிருவேன். சாவி எனக்க இடுப்புலதான் கிடக்கும். அந்த வருஷம் சீட்டு இல்லாதவன் செத்தா மணி கிடையாது, ஜெபம் கிடையாது, மதிலுக்கு வெளிய தெம்மாடிக்குழிதான். மலையாளத்தாரு வச்ச பேரு, ரௌடிப்பயலுகளைப் போடுத குழின்னு அர்த்தம்.

எனக்க அண்ணன் லாசருக்கு அந்தக் குழிதான்னு நான் எப்பவோ முடிவு கட்டியிருந்தேன். அண்ணனும் நானும் ஒரே வீட்டுல அக்காளையும் தங்கச்சியையும் கட்டினவங்க. அவன் பெண்டாட்டியை விட்டுப்போட்டு, மலை மேல போனக்காடுங்கிற ஊருல தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனான், அங்க பொன்னம்மான்னு ஒருத்தி கூடக் குடும்பமாயிட்டான். மதினி அந்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. ஆள் அனுப்பியும் அவன் வரல்ல. நாந்தான் குழியில மண்ணு போட்டேன். எனக்க பெண்டாட்டி அருளம்மா அக்காளை நெனச்சு அழுத ஒவ்வொரு தடவையும் அவன் மேல எனக்குக் கோவம் கூடும்.

இதைத்தான் சாமியார் பிடிச்சுக்கிட்டாரு. அந்த நோன்புல நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி இந்தப் பகையையும் சொன்னா, "அண்ணனை மன்னிச்சாச்சா?"ன்னு கேட்டாரு. இல்லைன்னேன். "அப்ப மன்னிச்சிட்டு வா, சேசு உனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு"ன்னு சீட்டு தராம அனுப்பிட்டாரு. எனக்குக் கோவமான கோவம். உபதேசியாரு நன்மை வாங்கலைன்னா ஊரு என்ன பேசும்? நான் என்ன செஞ்சேன்னா, முத்திரை குத்தி வச்சிருந்த கட்டுல இருந்து ஒண்ணை உருவி, எனக்க பேரை நானே எழுதி டப்பாவுல போட்டேன். விளக்குக்கு எண்ணெய் ஊத்தின கை, பெருவிரல் கறை அதுல அப்படியே பதிஞ்சிட்டு. அடுத்த நாளு கூட்டத்தோட முட்டுபோட்டு நன்மையும் வாங்கினேன்; பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை வச்சுச் சாமியார் ஊரு முன்னால யாரையும் தடுக்கக் கூடாதுல்லா. எவ்வளவு பெரிய பாவம்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் செஞ்சேன்.

ஈஸ்டர் கழிஞ்ச திங்கக்கிழமை, நல்ல உச்சி வெயிலு. தோட்டத்து லாரி ஒண்ணு கோயில் முற்றத்துல வந்து நின்னுது. பொன்னம்மா இறங்கினா. கம்பிளியில சுத்தி அண்ணனைக் கொண்டு வந்திருந்தா. "நெஞ்சுவலின்னு படுத்தவரு எந்திரிக்கல்ல உபதேசியாரே. தம்பிக்கிட்ட கொண்டு போ, அவன் பாத்துக்கிடுவான்னு சொன்னாரு"ன்னா. நான் அவ முகத்தையே பாக்கல்ல.

சாமியார் புது ஆளு, லாசரைப் பாத்தது கிடையாது. "பாவசங்கீர்த்தனத்துக்கு யாரு வந்தா, யாரு வரல்லன்னு நான் வெளிய சொல்லக் கூடாது சூசை. டப்பாவுல சீட்டு இருக்கான்னு பாரு. இருந்தா மதிலுக்கு உள்ள, இல்லைன்னா வெளிய"ன்னாரு. நான் சந்தோஷமாத்தான் போனேன், மறைக்கதுக்கு என்ன இருக்கு. அருளம்மாவும் கூட வந்தா.

டப்பாவைத் திறந்ததும் பச்சைத் தேயிலை வாசம் அடிச்சுது. லாரி வாசம்னு நெனச்சுக்கிட்டேன். ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துக்கிட்டு வாறேன். எண்ணெய்க் கறை பதிஞ்ச சீட்டு வந்துது. எனக்க பெருவிரல்தான், எனக்க கையெழுத்துதான். பேரு லாசர்னு இருந்தது.

சத்தியமா சொல்லுதேன் ஓய். டப்பாவைக் கவுத்துக் கொட்டித் தேடினேன், சூசைங்கிற பேருல ஒண்ணும் இல்ல. அருளம்மா பிடுங்கி வாசிச்சா. "லாசர்னுல்லா இருக்கு! நீங்களா எழுதினீங்க?"ன்னு என்னையே சந்தேகமாப் பாத்தா. நான் அவளைச் சந்தேகப்பட்டேன், சாவியை எப்ப எடுத்தான்னு. பொன்னம்மா கள்ளி, எவனையோ கையில போட்டிருக்கான்னு நெனச்சேன். சாமியாரையும் விடல்ல. ஆனா அந்தக் கறையை எவன் கொண்டு வர முடியும்?

கிழிச்சிருவோம்னு ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சிட்டேன். எவனுக்குத் தெரியப்போவுது? கிழிச்சா அவன் வெளிய போவான். கொடுத்தா அவன் உள்ள வந்திருவான், டப்பாவுல எனக்குச் சீட்டு இல்லைங்கது நாளைக்கே வெளிய வந்திரும். சன்னல் வழியாப் பாத்தா, பொன்னம்மா கம்பிளி நுனியை விலக்கி, அண்ணன் முகத்துல வெயில் படாம முந்தானையை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. தம்பி பாத்துக்கிடுவான்னு சொன்னானாம். சின்னதுல கடல்ல குளிக்கப் போனா எனக்க துணியை அவன்தான் பாத்துக்கிடுவான். எனக்கு அழுகை வந்துட்டு ஓய், அவன் மேல உள்ள ஆத்திரத்தோடயே அழுதேன்.  அருளம்மா எனக்க கையைத் தட்டி, "கொண்டு கொடுங்க"ன்னா.

கொடுத்தேன். "இதுதான் சாமி, எனக்க அண்ணனுக்க சீட்டு"ன்னேன். அவரு வாசிச்சாரு, என்னை ரொம்ப நேரம் பாத்தாரு, மடிச்சு அங்கிப் பையில வச்சுக்கிட்டு, "மணி அடிக்கச் சொல்லு"ன்னாரு. மதினி குழிக்குப் பக்கத்துலயே அவனை வச்சோம்.

சாயங்காலமே போயி முட்டுபோட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன். கள்ளச் சீட்டு எழுதினது, நன்மை வாங்கினது, கிழிக்கப் பாத்தது, பேரு மாறினது, எல்லாம். அவரு மன்னிப்பு மந்திரம் சொல்லி முடிச்சிட்டு, பையில இருந்து அந்தச் சீட்டை எடுத்து எனக்க கையில வச்சாரு. "நீ மத்தியானம் தந்தது இதுதான்."

அதே கறை. பேரு சூசைன்னு இருந்தது.

"உனக்க சீட்டை அண்ணனுக்குக் கொடுக்கேன்னுதான் நான் புரிஞ்சுக்கிட்டேன். அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்? அதனாலதான் மணி அடிக்கச் சொன்னேன்"ன்னாரு.  ரெண்டு பேரு வாசிச்சிருக்கோம் ஓய், நானும் அருளம்மாவும். அவ சாகுத அன்னைக்கும் கேட்டேன். லாசர்னுதான் இருந்ததுன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா.

சீட்டு இந்த ஜெபப்புத்தகத்துலதான் இருக்கு. அதுக்குப் பொறவு நான் பிரிச்சுப் பாத்ததே இல்ல. எந்தப் பேரு இருந்தாலும் எனக்குத் தாங்காது. ஆனா இன்னைக்குக் காலையில புத்தகத்தை எடுத்தப்ப, பச்சைத் தேயிலை வாசம் அடிச்சுது. நீருதான் எதையும் நம்பாத ஆளாச்சே. இந்தாரும், பிரியும். யாரு பேரு போட்டிருக்கு? மெதுவாச் சொல்லும்.