தத்துப்பூச்சியின் நிறம்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பத்து வருடம் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போட்டேன். அந்த வேலையை விட்ட பிறகுதான் பூச்சிகள் வரைய வந்தேன். மா விவசாயிகளுக்கான கையேட்டில், மாம்பூவின் சாற்றை உறிஞ்சும் தத்துப்பூச்சியின் படம் வேண்டும் என்று ஓர் ஆய்வாளர் கேட்டார். ஸ்பிரிட்டில் ஊறிய நான்கு பூச்சிகளைக் குப்பியில் அனுப்பியிருந்தார். நுண்ணோக்கியில் வைத்து, காலிலுள்ள முட்களைக்கூட எண்ணி வரைந்தேன். வெளுத்த வைக்கோல் நிறம். எனக்கே பெருமையாக இருந்தது.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி விவசாயி யார்கிட்டயாவது காட்டிடுங்க" என்றார் ஆய்வாளர்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் போனேன். மரமெல்லாம் பூத்திருந்த நேரம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இது செத்த பூச்சியாச்சே?"

என் முகம் சுருங்கிவிட்டது. அவர் மரத்தடியில் ஒரு சாக்கை விரித்தார்.

"படுத்துக்கினு மேல பாரும்மா."

படுத்தேன். அவர் ஒரு கிளையைத் தட்டினார். மழை தூறுவதுபோல் இலைகளில் படபடவென்று சத்தம். நூற்றுக்கணக்கில் பூச்சிகள் துள்ளின. பிறகு எல்லாம் அடங்கியது. தேனீக்களின் ரீங்காரம் மட்டும். கன்னத்தில் பிசுபிசுப்பாக ஒரு துளி விழுந்தது. வெயில் பூங்கொத்துகளுக்குள் புகுந்து மஞ்சளாக வழிந்தது. நான் மரத்தைப் பார்க்கிறேனா, மரம் என்னைப் பார்க்கிறதா என்று தெரியாத ஒரு மயக்கம். எவ்வளவு நேரம் கிடந்தேனோ!

நெஞ்சின் மேலிருந்த நோட்டில் ஒரு தத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. ஈரமான மரப்பட்டையின் நிறம், அதற்குள் மெல்லிய பச்சை மினுக்கம். பென்சில் நிழல் பட்டதும் நேராக ஓடவில்லை. நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து காகிதத்தின் விளிம்புக்கு அடியில் பாதி ஒளிந்துகொண்டது. மூச்சை அடக்கிக்கொண்டு வரைந்தேன்.

புதுப் படத்தைப் பார்த்த ஆய்வாளர் தயங்கினார். "கால் ரெண்டு மறைஞ்சிருக்கே. அடையாளம் பாக்க ஆறும் தெரியணும்."

கடைசியில் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டார். முதல் படம் அவருடைய ஆய்வுக் கட்டுரைக்குப் போனது, இரண்டாவது கையேட்டுக்கு.

அச்சான கையேட்டை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தைப் புரட்டியவர் சட்டென்று சுட்டுவிரலைப் பூச்சிப் படத்தின்மேல் அழுத்தினார், நசுக்குவதுபோல. பிறகுதான் சிரிப்பு வந்தது அவருக்கு. களை பறித்துக்கொண்டிருந்த ஓரகத்தியைப் பார்த்து, "இக்கட ரா, சூடு!" என்று, வந்து பார்க்கச் சொல்லித் தெலுங்கில் கூவினார்.

இத்தனை வருடத்தில் என் வேலைக்குக் கிடைத்த பாராட்டுகளில் அந்த அழுத்தலைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.